அம்மாவை வரவழைப்பதா, டே கேரில் விடுவதா? கனடாவில் கைக்குழந்தையோடு யோசிப்பவர்களுக்கு

"குழந்தைக்குப் பத்து மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். டே கேரில் இடம் இல்லை என்கிறார்கள். அம்மாவை விசிட்டர் விசாவில் கூப்பிட்டால் போதுமா, சூப்பர் விசாவுக்கே போகலாமா?" டொரன்டோவின் ஸ்கார்பரோவில் எங்கள் பக்கம் இருக்கும் தமிழ்ப் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. (சூப்பர் விசா என்பது பெற்றோரும் தாத்தா பாட்டியும் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான தனி விசா.) திருச்சிப் பெண்ணும் கேட்கிறாள், யாழ்ப்பாணத்துப் பெண்ணும் கேட்கிறாள். நானும் இரண்டு குழந்தைகளுக்காக இரண்டு முறை இதே யோசனையில் தூக்கம் கெட்டவள்தான். முதல் முறை எடுத்த முடிவு தவறாகப் போனது. அந்த அனுபவத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஒன்டாரியோவை வைத்துத்தான் பேசுகிறேன். விசா விதிகள் கனடா முழுவதும் ஒன்றுதான். ஆனால் டே கேர் கட்டணமும் விதியும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது இடைவெளி. உங்களுக்கு உதவி எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை தேவை? பெரும்பாலானோர் இந்தக் கணக்கைப் போடாமலே விசாவுக்கு விண்ணப்பித்துவிடுகிறார்கள். மகப்பேறு விடுப்பும் பெற்றோர் விடுப்பும் சேர்ந்து சாதாரணத் திட்டத்தில் சுமார் ஒரு வருடம் வரும். ஒன்டாரியோ டே கேர்களில் பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இடம் கிடைப்பது மிகக் கடினம். காரணம், அந்த வயதில் பத்துக் குழந்தைகளுக்கு மூன்று பராமரிப்பாளர்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பதினெட்டு மாதம் தாண்டினால் ஐந்து பேருக்கு ஒருவர் போதும். இரண்டரை வயதுக்கு மேல் எட்டுப் பேருக்கு ஒருவர். கைக்குழந்தை அறை நடத்துவது செலவு பிடித்த காரியம் என்பதால் பல மையங்களில் அந்த அறையே இருக்காது. ஆக, பல வீடுகளில் உண்மையான இடைவெளி பன்னிரண்டாம் மாதத்திலிருந்து பதினெட்டாம் மாதம் வரை. வெறும் ஆறு மாதம்தான்.

இரண்டாவது, சட்டம். யாரைக் கூப்பிடலாம், எவ்வளவு நாள் இருக்கலாம், என்ன செய்யலாம்.

மூன்றாவது, பணம். விசாக் கட்டணம் மட்டும் செலவில்லை. இன்சூரன்ஸ், டிக்கெட், மருந்து, எதிர்பாராத ஆஸ்பத்திரி பில் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

நான்காவதாக பெரியவர்களின் உடம்பு. என் பார்வையில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும், நாம் கடைசியில் வைக்கிறோம். ஒன்றரை வயதுப் பிள்ளை பத்து, பதினோரு கிலோ இருக்கும், நிற்காமல் ஓடும். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, வாரத்துக்கு ஐந்து நாள், முட்டி வலியோடு ஓர் அறுபத்தைந்து வயதுப் பெண்மணி தனியாக அதன் பின்னால் ஓடுவதை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

## இரண்டு எழுத்து வித்தியாசம்

விசா வகைகளுக்குப் போகும் முன் எல்லோரையும் பயமுறுத்தும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மா வருவது சட்டப்படி "வேலை" ஆகுமா?

என் அம்மா ஒரு முறை டொரன்டோவில் இறங்கியபோது அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அம்மா, "பேரனைப் பார்த்துக்க வந்தேன்" என்று தமிழில் சொல்ல, பக்கத்தில் நின்ற யாரோ அதை ஆங்கிலத்தில் குழந்தை பராமரிப்பு வேலை என்கிற மாதிரி சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் தனியாக உட்கார வைத்து, எனக்குப் போன் செய்து விசாரித்த பிறகுதான் விட்டார்கள். "பார்க்க" வந்தேன் என்றால் விருந்தாளி, "பார்த்துக்க" வந்தேன் என்றால் ஆயா என்று ஆகிவிட்டது.

உண்மையில் பயப்பட ஒன்றும் இல்லை. கனடாவின் குடிவரவு விதிகளில் வேலை என்றால் சம்பளமோ கமிஷனோ கிடைக்கிற செயல், அல்லது இங்குள்ள வேலைச் சந்தையில் உள்ளவர்களோடு நேரடியாகப் போட்டி போடுகிற செயல். அதிகாரிகளுக்கான வழிகாட்டுதலில், எது வேலை இல்லை என்பதற்கு உதாரணமாகவே, சம்பளம் இல்லாமல் மகளின் குழந்தையைக் கவனிக்க உதவும் தாயைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பொய் சொல்லத் தேவையே இல்லை. "மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், பேரனோடு இருப்பேன், மகளுக்கு ஒத்தாசையாக இருப்பேன், இந்தத் தேதிக்குள் திரும்பிவிடுவேன்" என்று நேராகச் சொல்லலாம். பொய் சொல்லி மாட்டினால் ஐந்து வருடம் கனடாவுக்குள் வர முடியாத தடை விழலாம்.

எல்லை எங்கே என்பதை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் அம்மாவுக்குச் சம்பளம் மாதிரி ஒரு தொகை கொடுக்கக் கூடாது. அதைவிட ஆபத்து, "ஆன்ட்டி, என் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது. அது உதவி இல்லை, அனுமதியில்லாத வேலை. அம்மாவின் அடுத்த விசாவே அதனால் போகலாம்.

## சாதாரண விசிட்டர் விசா

ஒருவருக்கு 100 டாலர், கைரேகைக்கு 85. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து விண்ணப்பித்தால் கைரேகைக்கு இருவருக்கும் சேர்த்து 170. ஆக மொத்தம் 370 டாலர். உங்கள் வருமானத்துக்குக் குறைந்தபட்ச வரம்பு இல்லை. இன்சூரன்ஸ் கட்டாயமும் இல்லை. நீங்கள் இன்னும் வொர்க் பெர்மிட்டிலோ ஸ்டடி பெர்மிட்டிலோ இருந்தால் பெற்றோருக்கு இந்த வழி மட்டும்தான் உண்டு. சூப்பர் விசாவுக்கு அழைப்பவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் வழக்கமாக ஆறு மாதம் தங்கலாம். விசா பத்து வருடத்துக்குச் செல்லும் என்று ஸ்டிக்கரில் இருந்தாலும் தங்கும் காலம் ஆறு மாதம்தான். இதைக் குழப்பிக்கொண்டு காலம் கடந்து தங்கியவர்களை எனக்குத் தெரியும். நீட்டிக்க வேண்டுமென்றால் காலம் முடிய குறைந்தது முப்பது நாளுக்கு முன் 100 டாலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வரும் வரை பழைய நிபந்தனையிலேயே இருக்கலாம். நீட்டிப்பு கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

முதல் குழந்தைக்கு நான் செய்தது இதுதான். நம் ஊர் வழக்கப்படி பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அம்மாவை வரவழைத்தேன். பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், சாம்பிராணி எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது அம்மாவின் ஆறு மாதம் முடிந்தது, கிளம்பிவிட்டார். அப்போது எனக்கு இன்னும் ஏழு மாதம் லீவு பாக்கி. பன்னிரண்டாம் மாதம் வேலைக்குத் திரும்பியபோது கையில் ஒருவரும் இல்லை, டே கேரும் இல்லை. உதவி வந்தது, ஆனால் தேவைப்பட்ட மாதத்தில் வரவில்லை. பிரசவத்தின்போது அம்மா இருந்தது எனக்கு எவ்வளவு பெரிய பலம் என்று தெரியும். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விசிட்டர் விசாவில் ஒரே ஒரு வரவுதான் சாத்தியம் என்றால், அதைப் பதினோராம் மாதத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். முதல் மாதங்களில் கணவர் லீவு எடுத்திருக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு: இன்சூரன்ஸ் கட்டாயமில்லை என்பதால் பலர் எடுப்பதே இல்லை. விசிட்டராக வருபவருக்கு ஒன்டாரியோ அரசின் ஓஹிப் மருத்துவக் காப்பீடு கிடையாது. ஓர் இரவு எமர்ஜென்சியில் இருந்தாலே பில் ஆயிரக்கணக்கில் வரும். டிக்கெட் பணத்தில் மிச்சம் பிடித்தாலும் சரி, இதில் பிடிக்காதீர்கள்.

## சூப்பர் விசா

2011 டிசம்பரில் வந்த திட்டம். 2022 ஜூலையிலிருந்து ஒரு முறை உள்ளே வந்தால் ஐந்து வருடம் வரை தொடர்ந்து இருக்கலாம். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டும். பிள்ளையோ பேரப்பிள்ளையோதான் அழைக்க முடியும். மாமியாரைக் கூப்பிட வேண்டுமென்றால் அழைப்புக் கடிதம் உங்கள் கணவரின் பெயரில் போக வேண்டும். வருமானத்துக்கு நீங்கள் கூட்டாகக் கையெழுத்துப் போடலாம்.

நிபந்தனைகள் மூன்று: வருமானம், மருத்துவப் பரிசோதனை, இன்சூரன்ஸ்.

வருமானத்துக்குக் குடும்ப அளவைப் பொறுத்து ஒரு வரம்பு உண்டு, வருடா வருடம் மாறும். நீங்கள், கணவர், ஒரு குழந்தை, வரப்போகும் அம்மா அப்பா என்று ஐந்து பேர் கணக்குக்கு 2025 பட்டியலில் 64,336 டாலர். வரப்போகிறவர்களையும் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொரு சிக்கல், நீங்கள் லீவில் இருந்த வருடத்தின் வரிக் கணக்கில் வருமானம் குறைவாகத் தெரியும். முடிந்தால் கர்ப்பமாக இருக்கும்போதே, முழுச் சம்பள வருடத்தின் கணக்கை வைத்து விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு, ஒரு வருடத்துக்கு இருக்க வேண்டும். வெறும் விலைப்பட்டியலைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள், பணம் கட்டிய பாலிசியாக இருக்க வேண்டும். முன்பணம் கட்டித் தவணையில் எடுத்தாலும் சரி. 2025 ஜனவரியிலிருந்து, கனடாவில் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியும் செல்லும்.

இதில் நான் பட்டது ஒன்று. இரண்டாவது குழந்தைக்கு அம்மா அப்பா இருவரும் சூப்பர் விசாவில் வந்தார்கள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு ஊரில் டாக்டர் அம்மாவின் பிரஷர் மாத்திரை அளவைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். அம்மா அதை எங்களிடம் சொல்லவே இல்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இங்கே வந்து மூன்றாவது வாரம் தலைசுற்றி விழுந்தார். நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு வேண்டுமென்றால் பயணத்துக்கு முன் குறிப்பிட்ட நாட்கள், பாலிசியைப் பொறுத்து மூன்று மாதமோ ஆறு மாதமோ, அந்த நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும். மாத்திரை அளவு மாறினாலே நிலையாக இல்லை என்று அர்த்தம். நாலாயிரம் டாலருக்கு மேல் கையிலிருந்து கட்டினோம். அந்தப் பணத்தைவிட, "என்னால் உங்களுக்குச் செலவு" என்று அம்மா அழுததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆகவே பாலிசி வாங்கும் முன் அம்மா அப்பாவின் மாத்திரைச் சீட்டை வாட்ஸப்பில் வாங்கிப் பாருங்கள். எப்போது கடைசியாக மாற்றினார்கள் என்று கேளுங்கள். அந்த நிபந்தனையில் எத்தனை நாள் என்று எழுத்தில் படியுங்கள்.

கையோடு கொண்டுவரும் மருந்துக்கும் வரம்பு உண்டு. சீட்டில் எழுதிய மருந்து அதிகபட்சம் தொண்ணூறு நாளுக்குத்தான். அதற்குப் பிறகு இங்கே பணம் கொடுத்து டாக்டரைப் பார்த்து, இங்குள்ள விலையில் வாங்க வேண்டும். வழக்கமான மருந்துச் செலவை எமர்ஜென்சி இன்சூரன்ஸ் ஏற்காது. ஒரு வருடம் தங்கினால் இது சின்னத் தொகை இல்லை.

அப்புறம் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு தலைவலி: பெயர். நீங்கள்தான் மகள் என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எங்கள் தலைமுறையில் பலருடைய சான்றிதழில் குழந்தை பெயர் என்ற இடமே காலி. அப்பா பெயர் ஓரிடத்தில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தாத்தா பெயரும் சேர்ந்திருக்கும். சான்றிதழ் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். இதைச் சரிசெய்ய மாநகராட்சிக்கு நடப்பதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

சூப்பர் விசாவுக்குக் கனடாவுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அம்மா விசிட்டராக இங்கே இருக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்து வருடம் தங்கலாம் என்பதால் தங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. எட்டு மாதம் இருந்துவிட்டுப் போய், அடுத்த வருடம் திரும்ப வரலாம். அப்படி வரும்போது செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் கையில் இருக்க வேண்டும்.

நிரந்தரமாகவே பெற்றோரை அழைத்துக்கொள்ளும் திட்டத்தை நம்பிக் குழந்தை பராமரிப்பைத் திட்டமிடாதீர்கள். 2020-ல் பெயர் கொடுத்தவர்களிலிருந்துதான் 2025 வரை வருடா வருடம் அழைத்தார்கள்.

## பெரியவர்கள் பக்கம்

பணக் கணக்கில் வராத சில விஷயங்கள் உண்டு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது. கார் ஓட்டத் தெரியாது. வெளியே ஐஸில் வழுக்கினால் இடுப்பு போய்விடும் என்ற பயம். ஊரில் காலையில் கோயில், பால்காரர், பக்கத்து வீட்டு மாமி என்று ஓடிய நாள், இங்கே ஒரு கைக்குழந்தையோடும் டிவியோடும் சுருங்கிவிடும். பென்ஷன் வாங்குபவர்களுக்கு வருடா வருடம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழ், பூட்டிக் கிடக்கும் வீடு, ஒரு கல்யாணம், ஒரு சாவு என்று அவர்களுக்கும் ஊரில் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

என் அப்பா இரண்டாவது குளிர்காலத்தில் பேசுவதையே குறைத்துக்கொண்டார். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பார். அருகில் இருந்த எர்லிஆன் மையத்துக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகுதான் முகம் மாறியது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக ஒன்டாரியோ முழுக்க இலவசமாக நடக்கும் மையங்கள் அவை. தாத்தா பாட்டி கூட்டிப் போகலாம். எங்கள் பக்கத்து மையத்தில் பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் தாகாலோகும் மாண்டரினும் பேசும் பாட்டிகள். மொழி இல்லாமலே சிநேகமாகிவிட்டார்கள்.

ஒரு பெரியவரை மட்டும் நம்பி முழு நாள் பராமரிப்பை ஒப்படைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இருவர் வந்தால் ஒருவர் சாய்ந்துகொள்ளலாம். ஒருவர்தான் வர முடியும் என்றால் அரை நாளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அவசரம் என்றால் 911-ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லவும், வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லவும் முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பதும் பெரியதுதான். என் மகள் பேசிய முதல் வாக்கியம் தமிழில் இருந்தது. "தாத்தா, அங்க பாரு காக்கா." எந்த டே கேரும் அதைத் தந்திருக்காது.

## டே கேர்

கனடா முழுவதற்குமான கட்டணக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த ஒன்டாரியோ மையங்களில், ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 2025 ஜனவரியிலிருந்து ஒரு நாளைக்கு அதிகபட்சம் 22 டாலர். மாதம் இருபத்தோரு நாள் என்று வைத்தால் 462 டாலர். அம்மா அப்பாவின் டிக்கெட், இன்சூரன்ஸ், மருந்து எல்லாவற்றையும் கூட்டி வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள். பல வீடுகளில் டே கேர்தான் மலிவு! "அம்மா வந்தால் செலவு மிச்சம்" என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

சிக்கல் இடம் கிடைப்பதில்தான். கர்ப்பம் உறுதியான மாதமே நாலைந்து மையங்களின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள். பட்டியலில் சேர்க்கப் பணம் கேட்பது ஒன்டாரியோவில் 2016 முதல் தடை. பெயர் கொடுக்கும்போதே பதினெட்டாம் மாத அறைக்கும் சேர்த்துக் கேளுங்கள். திட்டத்தில் சேராத மையங்களில் கட்டணம் பல மடங்கு, முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு காய்ச்சல். முதல் வருடம் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வரும். காய்ச்சல் என்றால் உள்ளே விட மாட்டார்கள், ஆனால் அன்றைக்கும் கட்டணம் உண்டு, நீங்களும் லீவு போட வேண்டும். மாலை ஐந்து நிமிடம் தாமதமானாலும் பல இடங்களில் அபராதம்.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வீட்டிலேயே குழந்தை பார்க்கும் தமிழ் அக்காக்கள் உண்டு. உரிமம் இல்லாமல் நடத்தினால் பதின்மூன்று வயதுக்குக் குறைந்த ஐந்து குழந்தைகளுக்கு மேல் வைக்கக் கூடாது, அதில் இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று பேருக்கு மேல் கூடாது. நேரில் போய் எண்ணிப் பாருங்கள். அளவுக்கு மேல் இருந்தால் எவ்வளவு நல்ல அக்காவாக இருந்தாலும் விடாதீர்கள்.

## நானி

நானி என்றால் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாம் சம்பளத்துக்கு வைக்கும் ஆள். ஒன்டாரியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டாலர். வாரம் நாற்பது மணி நேரம் என்றால் 704. அதற்கு மேல் விடுமுறைப் பணம், ஓய்வூதியத்துக்கும் வேலையின்மைக் காப்பீட்டுக்கும் முதலாளியின் பங்கு. வாரத்துக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் என்றால் பணியிடக் காப்பீடும் எடுக்க வேண்டும். மாதம் மூவாயிரத்தைத் தாண்டும். இரட்டைக் குழந்தைகளோ, ஷிஃப்ட் வேலையோ இருந்தால் யோசிக்கலாம்.

## லீவை நீட்டுவது

இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. பெற்றோர் விடுப்பை நீட்டித்த திட்டத்தில் எடுத்தால் பிள்ளைக்குப் பதினெட்டு மாதம் வரை வீட்டில் இருக்கலாம். ஒன்டாரியோவில் அதுவரை உங்கள் வேலைக்கும் பாதுகாப்பு உண்டு. வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து வரும் வாரப் பணம் சம்பளத்தின் 55 சதவீதத்திலிருந்து 33 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் 2025-ன் உச்சவரம்பில் வாங்கும் ஒரு தாய்க்கு மகப்பேற்றுப் பணத்தையும் சேர்த்துக் கூட்டினால், சாதாரணத் திட்டத்தில் 34,750 டாலர், நீட்டித்ததில் 35,862. மொத்தம் கிட்டத்தட்ட அதேதான், நீண்ட காலத்துக்குப் பரவிவிடுகிறது. உண்மையில் இழப்பது அந்த ஆறு மாதச் சம்பளம். பெற்றோர் விடுப்புப் பணம் வரத் தொடங்கிய பிறகு திட்டத்தை மாற்ற முடியாது என்பதால் விண்ணப்பிக்கும்போதே முடிவெடுக்க வேண்டும். கணவரும் பங்கு போட்டு எடுத்தால் சாதாரணத் திட்டத்தில் ஐந்து வாரம், நீட்டித்ததில் எட்டு வாரம் கூடுதலாகக் கிடைக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு காலம் | கையில் தெரியும் செலவு | தெரியாத செலவு |
|---|---|---|---|
| விசிட்டர் விசா | வழக்கமாக 6 மாதம் | இருவருக்கு 370 டாலர், டிக்கெட் | காப்பீடு இல்லாத ஆஸ்பத்திரி பில் |
| சூப்பர் விசா | ஒரு வரவில் 5 வருடம் வரை | மேற்சொன்னவை, இன்சூரன்ஸ், மருத்துவப் பரிசோதனை | மருந்து, மாத்திரை மாற்ற நிபந்தனை, தனிமை |
| டே கேர் | பள்ளி வரை | திட்ட மையத்தில் நாளுக்கு 22 டாலர் வரை | காத்திருப்பு, காய்ச்சல் நாட்கள் |
| நானி | நீங்கள் விரும்பும் வரை | மாதம் 3,000-க்கு மேல் | முதலாளியாகச் செய்ய வேண்டிய கணக்குகள் |
| நீட்டித்த லீவு | 18 மாதம் வரை | ஆறு மாதச் சம்பளம் | பதவி உயர்வு தள்ளிப்போகலாம் |

## சித்தியை, தங்கையைக் கூப்பிடலாமா

சூப்பர் விசா அவர்களுக்கு இல்லை, விசிட்டர் விசாதான். கல்யாணமாகாத, வேலையில்லாத தங்கை என்றால் திரும்பிப் போவார் என்று அதிகாரியை நம்பவைப்பது கடினம். ஊரில் குடும்பமும் பென்ஷனும் உள்ள சித்தி என்றால் வாய்ப்பு கூடும். ஆனால் குழந்தையைப் பார்க்கத்தான் வரவழைத்து, செலவுக்கு என்று மாதாமாதம் பணமும் கொடுத்தால் அது வேலை ஆகிவிடும். அம்மா விஷயத்தில் சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பு.

## எந்த வீட்டுக்கு எது

நீங்கள் இன்னும் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறீர்கள், பதினெட்டாம் மாதம் டே கேர் இடம் உறுதி: விசிட்டர் விசா, பதினோராம் மாதத்தில் வருகிற மாதிரி. தனியாக ஒரு நல்ல இன்சூரன்ஸோடு.

நிரந்தரவாசி, வருமான வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், பெற்றோர் இருவரும் திடமாக இருக்கிறார்கள், அவர்களுக்கும் வர ஆசை: சூப்பர் விசா. அப்போதும் பதினெட்டாம் மாதத்திலிருந்து டே கேரில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது விடப் பாருங்கள். பெரியவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அவர்கள் கிளம்பும்போது பிள்ளைக்கும் ஒரேயடியாக எல்லாம் மாறாது.

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுப்படவில்லை, போன வருடம் ஆஞ்சியோ செய்திருக்கிறார்: கூப்பிடாதீர்கள். குழந்தைக்காக என்றால் வேண்டவே வேண்டாம். லீவை நீட்டுங்கள், டே கேருக்கு வரிசையில் நில்லுங்கள், உடம்பு தேறியதும் வெறும் விருந்தாளியாக ஒரு கோடையில் வரவழையுங்கள்.

மாமியாரா அம்மாவா என்ற பேச்சு பல வீடுகளில் சண்டையாகிறது. முதல் பாதி ஒருவர், அடுத்த பாதி மற்றவர் என்று பிரிப்பது ஒரே நேரத்தில் நால்வரும் ஒரு பேஸ்மென்டில் இருப்பதைவிட நல்லது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் படிவத்தை நிரப்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "வரீங்களா?" என்று கேட்காமல், "எத்தனை மாசம் இருக்க முடியும், எது கஷ்டமா இருக்கும்?" என்று கேளுங்கள். என் அப்பா முதலில் "உனக்கு எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாள்" என்றார். மறுபடியும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பனி வேண்டாம்மா. சித்திரையில் வந்து ஐப்பசியில் கிளம்பிடறோம்" என்றார். இந்த வருடம் அந்தத் தேதிகளுக்குத்தான் டிக்கெட் போட்டிருக்கிறோம்.